டயர் நீங்கலாக

எங்கள் அத்தானின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இது அவர் சொல்கிற கணக்கு. ஓட்டுநர் உரிமம், காப்பீட்டுப் படிவம், ரத்ததான அட்டை என்று உயரம் கேட்கிற எல்லாக் காகிதத்திலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. எழுதியவன் நான். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்டூல் வைத்துக்கொண்டு அடுத்தவர் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் பிழைப்பு. சொன்னதை எழுதுவேன். அதை நம்பவும் வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

நான் ஆறடிக்கு ஒரு விரல் குறைச்சல். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் பத்தொன்பது வருடமாக அத்தான் என் பக்கத்தில் நின்று பேசியதே கிடையாது. நான் நின்றால் அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிடுவார். நான் உட்கார்ந்தால் எழுந்து நின்று பேச ஆரம்பிப்பார். குடும்பப் போட்டோ எடுக்கிறபோது எனக்கு எப்போதும் தரையில்தான் இடம். மண்டி போட்டுப் போட்டு என் நல்ல பேண்ட் இரண்டு முட்டியில் நைந்துபோனது.

வெயிலோ மழையோ, வீட்டு வாசலைத் தாண்டினால் அவர் காலில் ஒரு பழுப்பு ஷூ இருக்கும். குதிகால் தடிமன். அதை அவரே துடைப்பார், அவரே மெழுகு போடுவார், அவரே அலமாரியின் மேல்தட்டில் வைப்பார். மேல்தட்டு அவருக்கு எட்டாது. முக்காலி போட்டு ஏறி வைப்பார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருப்பதுதான் குடும்பம் நடத்துகிற முறை.

தையல் மிஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். துணி தைக்கிற பட்டறைகளில் ஒரு மிஷின் நின்றுபோனால் இவருக்குத்தான் போன் வரும். போய்ப் பார்த்து, அங்கேயே முடிந்தால் சரி செய்வார். முடியாததை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். மிஷின் விஷயத்தில் அவர் கை வைத்தால் பேச்சே இல்லை. ஊசி துணியில் இறங்குகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் மட்டும் தன் உயரத்தை மறந்துவிடுவார். மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை பார்க்கிற ஆளை யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

என் அக்கா தையற்காரி. என் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அங்கே அவள் தும்மினால் இங்கே என் காகிதம் பறக்கும். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், கையில் நீளமான நோட்டு. அளவெடுத்து முடித்ததும், இந்த உடம்புக்கு இந்த உடுப்பு நன்றாக அமையும் என்று தோன்றினால் பக்கத்தின் அடியில் ‘சரி’ என்று எழுதுவாள். தோன்றாவிட்டால் எழுத மாட்டாள். துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். எவ்வளவு பெரிய ஆள் வந்து கெஞ்சினாலும் ‘சரி’ விழாத பக்கத்துக்குக் கத்தரிக்கோலை எடுக்க மாட்டாள்.

இவர்கள் கல்யாணம் நடந்த கதை எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லப்பட்ட கதை. அத்தான் அவள் கடைக்கு மிஷின் பழுது பார்க்க வந்தார். பழுதில்லாத மிஷினையும் மூன்று தடவை வந்து பார்த்தார். நாலாவது தடவை துணியோடு வந்தார்.

“கோட் ஒண்ணு தைக்கணும்.”

“எதுக்கு?”

“கல்யாணத்துக்கு.”

“யாரு கல்யாணம்?”

“நீங்க சரின்னு சொன்னா, நம்ம கல்யாணம்.”

அக்கா முகம் மாறவே இல்லையாம். நாடாவை எடுத்து, “அளவெடுத்துட்டுச் சொல்றேன்” என்றாளாம். ஷூவைக் கழற்றச் சொன்னாளாம். சாக்ஸ் ஓட்டை என்று இவர் மறுத்துவிட்டாராம். சரி போகட்டும் என்று அப்படியே அளவெடுத்து, நோட்டில் எழுதி, நோட்டை மூடிவிட்டு, “சரி” என்றாளாம். இதை அத்தான் சொல்கிறபோது கோட்டையைப் பிடித்த மாதிரி சொல்வார். அந்த ஷூ வரி வருகிறபோது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவார்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

அவரிடம் இருபது வருடமாக ஒரு குட்டி வேன் இருந்தது. உட்கார்ந்தால் இருக்கை தரையோடு தரையாக இருக்கும். சிக்னலில் நின்றால் பக்கத்து லாரியின் சக்கரம்தான் ஜன்னலில் தெரியும். “இருபது வருஷமா எல்லாரோட பெல்ட்டையும் பார்த்தே வண்டி ஓட்டிட்டேன் மச்சான்” என்பார். அந்த வேன் ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட்டது. அடுத்த வாரமே அத்தான் ஒரு பழைய பிக்கப் வண்டியோடு வந்து நின்றார்.

நின்றார் என்பது தப்பு. உட்கார்ந்திருந்தார், என் தலைக்கு மேலே. பிக்கப் என்றால் சும்மா பிக்கப் இல்லை, தூக்கிக் கட்டியது. தடித்தடியாக டயர். ஜன்னல் வழியே குனிந்து என்னைப் பார்த்து, “என்ன மச்சான், சௌக்கியமா?” என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கேலி பண்ண வாய் வரவில்லை. அது எனக்கு ரொம்ப அபூர்வம்.

இறங்குவதுதான் கஷ்டம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு சின்ன மர முக்காலி, அதில் ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்து முக்காலியைக் கீழே இறக்குவார், அதன் மேல் இறங்குவார். ஏறும்போது முக்காலி மேல் ஏறி, உள்ளே உட்கார்ந்து, கயிற்றை இழுத்து முக்காலியைத் தூக்கிக்கொள்வார். கிணற்றில் வாளி இறைக்கிற மாதிரி இருக்கும்.

“எவ்வளவு லிஃப்ட் தெரியுமா? நாலு இஞ்ச்!” என்று பார்க்கிறவரிடம் எல்லாம் சொன்னார். டீக்கடைக்காரர், “லிஃப்டா? எந்த மாடி வரைக்கும் போகும்?” என்றார். அவரைப் பிடித்து உட்காரவைத்து, வண்டியின் உடம்பை ஸ்பிரிங்குக்கு மேலே கூடுதலாகத் தூக்கி வைப்பதற்குத்தான் லிஃப்ட் என்று பெயர் என அரை மணி நேரம் விளக்கினார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். நாலு இஞ்ச் என்பது வண்டியை விற்றவன் சொன்ன கணக்கு. கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள். “கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்” என்றானாம். இவரும் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்.

வண்டி கைமாறினால் தகுதிச் சான்று புதிதாக வாங்க வேண்டும். படிவம் என் மேஜைக்கு வந்தது. பதினாலாவது கட்டத்தில் ‘தயாரிப்பு நிலையிலிருந்து உயர்த்தப்பட்ட அளவு’ என்று இருந்தது.

“இதைக் காலியா விட்டுடலாமா அத்தான்? எதுக்கு வம்பு?”

“எதுக்கு விடணும்? நாலு இஞ்ச்னு போடு. கொட்டை எழுத்துல போடு.”

போட்டேன். என் கையெழுத்தும் அன்றைக்குப் பார்த்து நன்றாக அமைந்துவிட்டது.

சோதனை நிலையத்தில் ஒரு அதிகாரி. கையில் எப்போதும் ஒரு இரும்புக் கோல் வைத்திருப்பதால் ஓட்டுநர்கள் அவரைக் கோல்காரர் என்பார்கள். படிவத்தைப் படித்தார். வண்டியைப் பார்த்தார். கோலைத் தரையில் ஊன்றி, சக்கரத்துக்கு மேலே இருக்கிற மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். ஒரு புத்தகத்தைப் புரட்டினார்.

“ஆமா, நாலு இஞ்ச் கூட இருக்கு. நீங்களே எழுதியும் குடுத்திருக்கீங்க.”

“ஆமா சார், நாலு இஞ்ச்” என்றார் அத்தான், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

“ரெண்டுதான் அனுமதி.”

அத்தானின் மார்பு மெதுவாகக் கீழே இறங்கியது. கோல்காரர் கெட்டவர் இல்லை. பத்து நாள் தவணை கொடுத்தார். “ஒண்ணு, வண்டியை இறக்கிக் கட்டிட்டு வாங்க. இல்லேன்னா லிஃப்ட் ரெண்டுக்கு மேல இல்லைன்னு காட்டுங்க. பதினோராவது நாள் ரோட்டுல பார்த்தா வண்டியை இங்க கொண்டாந்து நிறுத்திடுவேன்.” பின்னால் வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் அத்தான் நாலு இஞ்ச் கதையைச் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே வேலை. இந்த வண்டியில் உண்மையில் எவ்வளவு லிஃப்ட் இருக்கிறது?

விற்றவனுக்குப் போன் போட்டோம். “நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்கு முன்னால் வைத்திருந்தவர் வெளிநாடு போய்விட்டாராம். லிஃப்ட் மாட்டியவர் யாரோ, மாட்டிய அளவு என்னவோ, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் காலைத் தட்டினேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“பின்னாடி ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ரெண்டு இஞ்ச் கட்டை குடுத்திருக்கான். முன்னாடி ஸ்பிரிங் மேல ஏதோ வளையம் வெச்சிருக்கான். பிரிச்சாத்தான் தெரியும். சுமாரா மூணு இருக்கும். ஆக, ரெண்டும் மூணும் அஞ்சு.”

அஞ்சு! முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கூட்டுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் அப்போது எனக்கும் அது தோன்றவில்லை. அவர் சொன்ன தோரணையில் நானும் தலையை ஆட்டினேன்.

டயர் கடைக்காரர் வண்டியைத் தொடவே இல்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “ஆறு. எழுதி வெச்சுக்கோங்க” என்றார். எதற்கு எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று நானே களத்தில் இறங்கினேன். கம்ப்யூட்டரில் தேடி, கம்பெனிக்காரன் அந்த வண்டிக்குக் கொடுத்திருந்த மொத்த உயரத்தை அச்செடுத்தேன். ஏணி போட்டு ஏறி, தரையிலிருந்து வண்டியின் உச்சி வரை அளந்தேன். கழித்துப் பார்த்தால் ஒன்பது இஞ்ச் வந்தது. இரண்டு தடவை சரிபார்த்தேன், ஒன்பதுதான். கூரை மேல் சாமான் வைக்கிற கம்பிச் சட்டத்தையும் சேர்த்து அளந்திருக்கிறேன் என்பது மறுநாள் பல் துலக்குகிறபோதுதான் உறைத்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலு, அஞ்சு, ஆறு, ஒன்பது. நிறுத்தின இடத்திலேயே வண்டி வளர்ந்துகொண்டு போனது. அத்தான் மெலிந்துகொண்டு வந்தார்.

எட்டாவது நாள் சாயங்காலம் என் கடை வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். கால் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இறக்கிடலாம் மச்சான். மெக்கானிக்கு நாளைக்கே பிரிச்சுத் தரேன்னுட்டான்.”

“இறக்கினா இறக்கிட்டுப் போறது. வண்டி ஓடினா சரிதானே?”

“ஓடும். ஓடாம என்ன? பழையபடி பெல்ட்டைப் பார்த்துக்கிட்டு ஓட வேண்டியதுதான்.” குனிந்து ஷூவைப் பார்த்தார். “உள்ளே தக்கை வெச்சிருக்கேன் மச்சான். உனக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. குதிகால் தடிமன்தான் எல்லோரும் பார்த்தது.

“அன்னிக்கு உங்க அக்கா ஷூவோட அளவெடுத்துட்டா. எடுத்துட்டுத்தான் சரின்னா. கல்யாணம் ஆகி வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டினப்ப ஒரு பார்வை பார்த்தா. ஒண்ணும் சொல்லல. பத்தொன்பது வருஷமா ஒண்ணும் சொல்லல. ஏமாந்துட்டோமேன்னு மனசுக்குள்ள வெச்சிருக்காளோ என்னவோ. கேக்கவும் பயம்.”

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “எத்தனை இஞ்ச் தக்கை அத்தான்?” என்றுதான் வந்தது.

மறுநாள் காலையில் அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். “டேய் தம்பி! உங்க அத்தான் ராத்திரி சாப்பாட்டைத் தொடல. என்னடா ஆச்சு வண்டிக்கு?”

ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு நாற்பது சீருடை தைக்கிற அவசரத்தில் இருந்தாள். மிஷினை நிறுத்தாமலே கதையைக் கேட்டாள். மெக்கானிக் கட்டம் வந்தபோது மிஷின் நின்றது.

“முன்னாடியும் பின்னாடியும் கூட்டினானா? உன் ரெண்டு காலையும் கூட்டினா நீ பன்னெண்டடியாடா?”

“அதில்ல அக்கா...”

“எல்லாரும் எங்கேருந்து அளந்தீங்க?”

“தரையிலேருந்து.”

“டயரோடவா?”

“டயர் இல்லாம வண்டி எப்படி நிக்கும்?”

“ஷூவைக் கழட்டாம அளவெடுத்திருக்கீங்க” என்றாள். அந்த நேரம் பார்த்து அத்தான் வாசலில் வந்து நின்றார். ஷூ என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அக்கா நாடாவோடு வெளியே வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்னால் இருந்த நாலு மிஷினையும் இறக்கச் சொன்னாள். அத்தான் தயங்கினார்.

“பாரம் இருந்தா வண்டி கொஞ்சம் அமுங்கும்மா. நமக்கு நல்லதுதானே? சோதனைக்கும் நாலு மிஷினோடவே போயிடலாம்னு பார்த்தேன்.”

“வயித்தை எக்கிக்கிட்டு அளவு குடுக்கிறவனுக்குப் பேண்ட் தைச்சா, சாப்பிட உக்காந்ததும் பட்டன் தெறிக்கும். இறக்குங்க.”

இறக்கினோம். நானும்தான். இரும்பு மிஷின் என்ன கனம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னாள். முன்சக்கரத்தின் எதிரில் உட்கார்ந்து, சக்கரத்தின் நட்டநடுவில், அச்சு முடிகிற இடத்தில் விரலை வைத்தாள். அங்கிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை நாடாவைப் பிடித்தாள்.

“இது கணுக்கால். அது இடுப்பு. நீ செருப்பு போடு, ஷூ போடு, கட்டை மேல ஏறி நில்லு, கணுக்காலுக்கும் இடுப்புக்கும் நடுவுல மாறவே மாறாது. டயரைப் பெருசா மாட்டினா அச்சும் சேர்ந்து மேல போகும், உடம்பும் மேல போகும். நடுவுல இருக்கிற தூரம் அப்படியேதான் இருக்கும். ஸ்பிரிங்கைத் தூக்கினா மட்டும்தான் அந்தத் தூரம் கூடும். எழுதிக்கோ, இருபதரை.”

எழுதினேன். முன்னால் இரண்டு பக்கமும் இருபதரை. பின்னால் இரண்டு பக்கமும் இருபத்தொன்றே கால்.

“சரி, இதுல லிஃப்ட் எவ்வளவு?” என்றேன்.

“அதெப்படி இப்பவே தெரியும்? தூக்காத வண்டி ஒண்ணு வேணும். இதே மாடலு. அதையும் இதே மாதிரி அளந்து கழிக்கணும்.”

அத்தானுக்குத் தெரிந்தவர்களில் யாரிடமும் இந்த மாடல் இல்லை. மூன்று பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. இந்த முழுக்கதையிலும் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சோதனை நிலையத்தின் மரநிழலில் இதே மாடலில் ஒரு வெள்ளை பிக்கப் நின்றதை நான் பார்த்திருந்தேன். அது அந்த அலுவலகத்தின் சொந்த வண்டி.

பத்தாவது நாள் போனோம். அக்கா நர்சுகளைக் காக்கவைத்துவிட்டு வந்திருந்தாள். அதே வரிசை, அதே ஓட்டுநர்கள், அதே கோல். கோல்காரர் தரையில் கோலை ஊன்றப் போனார். அக்கா குறுக்கே போனாள்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க உயரம் எவ்வளவு?”

“எதுக்கு? அஞ்சு ஒன்பது.”

“தொப்பியோடவா, தொப்பி இல்லாமலா?”

கோல்காரர் தன்னை அறியாமல் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கணுக்காலையும் இடுப்பையும் விளக்கினாள். டயருக்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருப்பதையும், அந்தக் கட்டத்தில் இந்த டயர் அனுமதிக்குள்தான் வருகிறது என்பதையும் எடுத்துக் காட்டினாள். உயரத்துக்கான பதினாலாவது கட்டத்தில் அதையே மறுபடியும் சேர்த்தால் ஒரே துணிக்கு இரண்டு தடவை அளவு எடுத்த மாதிரி ஆகும் என்றாள். கோல்காரர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

“நீங்க சொல்றது ஒரு நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஆபீஸ் வண்டியை வெளியாள் அளக்க முடியாது.”

“நீங்களே அளங்க சார். நான் நாடாவோட அந்த முனையைப் பிடிச்சுக்கிறேன்.”

அளந்தார். வெள்ளை வண்டி முன்னால் பதினெட்டரை, பின்னால் பத்தொன்பதரை. பிறகு எங்கள் வண்டியை அளந்தார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி வாங்கினபோதும் அப்படித்தான் மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் இருபதரை. பின்னால் இருபத்தொன்றே கால்.

“முன்னாடி ரெண்டு. பின்னாடி ஒண்ணே முக்கால்” என்றார் கோல்காரர். குனிந்து அடியில் பார்த்தார். “கட்டை ரெண்டு இஞ்ச்தான். பழைய வண்டி இல்லையா? பட்டை தளர்ந்து கால் இஞ்ச் உக்காந்திருக்கு. ரெண்டுக்குள்ளதான் இருக்கு.”

எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்தது. ஆனால் வேலை முடியவில்லை. படிவத்தில் என் கொட்டை எழுத்தில் இருந்த ‘நாலு’ என்பதை வண்டிக்காரரே தன் கையால் அடித்துவிட்டு, சரியான அளவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதோடு விட்டார்களா? அதற்குக் கீழே ‘முன்பு தவறாகக் குறித்ததற்குக் காரணம்’ என்று ஒரு கோடு.

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. அத்தான் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ‘நாலு’ மேல் ஒரு கோடு இழுத்தார். ‘இரண்டு’ என்று எழுதினார். காரணத்துக்கு என்னைப் பார்த்தார். நான் ஆயிரம் படிவம் நிரப்பியவன். ஆனாலும் அந்தக் கோட்டுக்கு நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் அவரே எழுதினார்: ‘காலில் போட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.’

கோல்காரர் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

திரும்பி வரும்போது முன்இருக்கையில் மூன்று பேர். முழங்கால் முகவாயில் இடிக்க நான் நடுவில். சான்று என் மடியில் இருந்தது. வண்டி பிழைத்த சந்தோஷத்தில் அத்தான் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தேன். பாலம் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏம்மா, இந்தக் கணுக்கால் விஷயம் உனக்கு எப்பத் தோணிச்சு?”

“நேத்தா தோணிச்சு? ரொம்ப நாளா அப்படித்தான் அளக்கிறேன், ஷூவைக் கழட்ட மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு.”

“அந்த மாதிரி நிறையப் பேர் வருவாங்களா?”

“அப்பப்ப ஒருத்தர் ரெண்டு பேர் வருவாங்க. முத ஆள் நீங்கதான்.”

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. நடுவில் இருந்த எனக்குத்தான் இரண்டு பக்கமும் இடி.

கடைக்கு வந்ததும் அக்கா நேரே உள்ளே போனாள். பழைய நோட்டுகளை அவள் எறிவதில்லை. அடுக்குக்கு அடியிலிருந்து ஒன்றை உருவி, தூசி தட்டி, பக்கத்தைத் தேடி எடுத்து அத்தான் கையில் கொடுத்துவிட்டு, மிஷினில் உட்கார்ந்து நர்சு சீருடையை ஓட்ட ஆரம்பித்தாள். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

பென்சில் எழுத்து மங்கியிருந்தது. ‘கோட், பேண்ட். மார்பு, தோள், கை’ என்று வரிசையாக அளவுகள். அதற்குக் கீழே: ‘கணுக்காலிலிருந்து தரை ஐந்து. மூன்றுதான் இருக்க வேண்டும். ஷூ இரண்டு. ஷூ இல்லாமல் உயரம் ஐந்தடி ஒன்று. பேண்ட் நீளம் இரண்டு இஞ்ச் கூட விடவும். குதிகால் வெளியே தெரியக்கூடாது.’

அதற்கும் கீழே, பக்கத்தின் அடியில், ‘சரி’.

அத்தான் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தார் என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கியிருந்தது. மறைக்கவும் பார்க்கவில்லை.

“அப்பவே தெரியுமா உனக்கு?”

மிஷின் நின்றது. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அளவெடுத்துட்டுத்தானே சொன்னேன்” என்றாள்.

அவர் கீழே குனிந்தார். ஷூவைக் கழற்றினார். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. சாக்ஸில் நிஜமாகவே ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைச் சாக்ஸோடே சுவரைச் சுற்றிக்கொண்டு, தெருவில் நாலு பேர் பார்க்க, என் கடைக்குள் வந்தார். நான் பின்னாலேயே போய் ஸ்டூலில் உட்காரப் போனேன். “நில்லு மச்சான்” என்றார். நின்றேன். அவரும் என் பக்கத்திலேயே நின்றார். அவர் தலை என் முகவாய்க்குக் கீழே இருந்தது. நோட்டை ஜெராக்ஸ் மிஷின் மேல் விரித்து வைத்தார்.

“ஒரு காப்பி எடு. வண்டியில மாட்டணும்.”